குளிர் நாடிய கோமகன்
புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் (1875 – 1928)

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்குக் கோடை என்பது புத்தகத்தில் படித்தறியும் பருவமன்று. பங்குனி பிறந்ததுமே திருமணிமுத்தாறு மணலாகிவிடும். ஏரிகள் வெடித்துக் கிடக்கும். கிணற்றின் அடிக்கல் தெரியும். அந்நாட்களில் வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலை நீலமாய்த் தெரியும். அதன் உச்சியில் ஏற்காடு இருக்கிறது. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைத் துரைமார் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அங்கே காப்பித் தோட்டங்களையும் மாளிகைகளையும் அமைத்துக்கொண்டனர். உதகையும் கொடைக்கானலும் அவ்வாறே எழுந்தவை. மலை மேலே குளிரும் விருந்தும். மலைக்குக் கீழே ஏற்றமும் வியர்வையும். இவ்விரண்டுக்கும் இடையே ஓடிய பாதையில் மேலேறிச் சென்று, மீண்டும் கீழிறங்க மனமில்லாமற் போன ஒரு தமிழ் மன்னரின் வாழ்க்கை எண்ணிப் பார்க்கத்தக்கது. அவரே புதுக்கோட்டையை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்.

அன்னையின் அடிமைகள்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரகுநாதராயத் தொண்டைமானால் தோற்றுவிக்கப்பட்டது புதுக்கோட்டை அரசு. திருச்சிக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் நடுவே அமைந்த சுமார் 1,200 சதுர மைல் நிலப்பரப்பு அது. காவிரி பாயாத பூமி. வானத்தையும் கண்மாயையும் நம்பி வாழ்ந்த மக்கள். இவ்வரச மரபினர் திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்ட பிரகதாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள். நாட்டை ஆள்பவள் அன்னையே என்றும், தாங்கள் அவளுடைய அடிமைகள் மட்டுமே என்றும் கருதி, பிரகதாம்பாள் தாசர் என்பதைத் தம் பட்டங்களுள் ஒன்றாகச் சூடியவர்கள். சதாசிவப் பிரம்மேந்திரர் மணலில் எழுதிக் கொடுத்த மந்திரத்தை அம்மணலோடு அள்ளி வந்து அரண்மனையில் வைத்து வழிபட்டதாக மரபு கூறும்.

இவ்வரசு தனக்கென ஒரு நாணயம் வைத்திருந்தது. அம்மன் காசு என்பது அதன் பெயர். ஒருபுறம் அன்னையின் உருவமும் மறுபுறம் தெலுங்கெழுத்தில் விஜய என்னும் சொல்லும் பொறித்த சின்னஞ்சிறு செப்புக் காசு. நவராத்திரி நாட்களில் மன்னர் தம் குடிகளுக்கு அரிசியோடு இக்காசையும் வழங்குவது வழக்கம். காசின் மதிப்பு மிகச் சிறிது. ஆனால், ஆண்டுக்கொருமுறை அரசன் தன் கையால் கொடுக்கிறான், குடி தன் கையால் பெறுகிறது என்னும் உறவே அதன் உண்மை மதிப்பு. மார்த்தாண்டரின் வாழ்வை அளக்கும்போது இந்தச் சிறு காசை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் ஆங்கிலேயர்க்குத் தோள் கொடுத்தவர்கள் தொண்டைமான்கள். 1799இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில்தான். அந்த நட்புக்கு விலையாகவே, சுற்றியிருந்த பாளையங்கள் யாவும் அழிந்தபோதும் புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாக எஞ்சியது. அந்த நட்பின் மற்றொரு முகத்தை நூறாண்டு கழித்து இம்மரபின் ஒரு மன்னர் காண நேர்ந்தது.

ஆங்கில ஆசிரியரின் மாணவர்

மார்த்தாண்டர் 1875 நவம்பர் 27இல் பிறந்தார். இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரர். ஆண் வாரிசில்லாத பாட்டனாரால் சுவீகாரம் எடுக்கப்பட்டவர். அவர் பிறந்த மறு ஆண்டு தொடங்கியது தாது வருடப் பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்தையே சூறையாடிய அப்பஞ்சத்தால் 1871க்கும் 1881க்கும் இடையில் சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. எலும்பும் தோலுமாய் மக்கள் சாலையோரங்களில் வீழ்ந்த காலத்தில், மார்த்தாண்டர் தொட்டிலில் கிடந்தார்.

1878இல் புதுக்கோட்டையின் பொறுப்பை ஏற்க வந்தவர் அ. சேஷையா சாஸ்திரி. முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாக விளங்கியவர். சீர்கெட்டிருந்த நிருவாகத்தை ஒழுங்குபடுத்தினார். குளங்களைத் தூர் வாரினார். நகரத்துத் தெருக்களை நேராக்கினார். விளைச்சலில் பங்கு பிரிக்கும் அமானி முறையை ஒழித்தார். இனாம் நிலங்களை வரையறை செய்தார். 1886இல் பாட்டனார் மறைந்தபோது பத்து வயதுச் சிறுவராகிய மார்த்தாண்டர் அரியணை ஏறினார். அவர் பெயரால் சாஸ்திரியே ஆட்சி நடத்தினார்.

ஒருபுறம் நாடு இவ்வாறு செப்பனிடப்பட, மறுபுறம் நாட்டை ஆள வேண்டிய சிறுவர் வேறோர் அச்சில் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற கிராஸ்லி என்னும் ஆங்கிலேயர் அவருக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். மொழியும் உடையும் விளையாட்டும் உணவு மேசை ஒழுக்கமும் ஆங்கில முறையில் அமைந்தன. சுதேச மன்னர்களை ஆங்கிலக் கனவான்களாக்குவது அக்கால அரசின் கொள்கை. அக்கொள்கையின் மிகச் சிறந்த விளைபொருள் மார்த்தாண்டரே எனலாம். அவர் ஆங்கிலக் கனவானாகவே வளர்ந்தார். பின்னாளில் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் பாதி இந்த வளர்ப்பின் இயல்பான முடிவுகள் என்பதை அவரை வளர்த்தவர்கள் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

நல்ல தொடக்கம்

1894 நவம்பரில், தம் பத்தொன்பதாம் வயது நிறைந்த நாளில், மார்த்தாண்டர் முழு ஆட்சியுரிமை பெற்றார். அவரை வீணர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவர் காலத்திலே 1902இல் பிரதிநிதிகள் சபை அமைந்தது. 1910இல் புதுக்கோட்டை அருங்காட்சியகம் தோன்றியது. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை எனத் தொன்மை கொழிக்கும் அந்நாட்டுக்கு இக்காட்சியகம் பெருங்கொடை. கல்வியும் மருத்துவமும் வளர்ந்தன. 1913இல் ஆங்கில அரசு அவருக்கு உயரிய பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

ஆயினும், மன்னரின் மனம் ஊரில் தங்கவில்லை. 1897இல் விக்டோரியா பேரரசியின் வைர விழாவை ஒட்டி அவர் இங்கிலாந்து சென்றார். அப்பயணம் அவருக்கு ஒரு புதிய உலகத்தைத் திறந்துவிட்டது. அங்கே அவர் வேடிக்கைப் பொருளாக மட்டுமன்றி, விருந்தினராகவும் நண்பராகவும் ஏற்கப்பட்டார். அதன்பின் ஐரோப்பியப் பயணங்கள் தொடர்ந்தன. உள்நாட்டில் இருக்கும்போதும் கோடை வந்துவிட்டால் மலைவாசம். விருந்து, நடனம், வேட்டை, குதிரைப் பந்தயம். சென்னை அரசே கோடையில் உதகைக்கு இடம் பெயர்ந்த காலம் அது. ஆளுநர் ஏறும் மலைக்கு அரசரும் ஏறுவதில் வியப்பில்லை.

செலவு பெருகியது. மன்னர்கள் அடிக்கடி கடல் கடந்து செல்வது கடமை தவறுவதாகும் என்று கர்சன் பிரபு 1900இல் சுற்றறிக்கையே விடுத்தார். கர்சனின் உள்நோக்கம் எதுவாயினும், அவர் கூறியதில் ஓர் உண்மை இருந்தது. கண்மாய் உடைந்தால் ஓலை எழுதி இலண்டனுக்கு அனுப்ப இயலாது. மன்னரின் தமையனார் விஜய இரகுநாதப் பல்லவராயர் துரைராஜா 1909இல் திவானாகி நாட்டைக் கவனித்துக்கொண்டார். தம்பி அரசர், தமையன் அரசாள்பவர். நாடு நடந்தது, நடப்பதாலேயே, தாம் இல்லாவிடினும் அது நடக்கும் என்னும் எண்ணம் மன்னர் உள்ளத்தில் வேரூன்றியது. ஒரு மனிதனின் சரிவு பெரும் பாவங்களிலிருந்து தொடங்குவதில்லை. தான் இல்லாவிட்டாலும் தன் கடமை நிறைவேறிவிடும் என்ற சிறிய ஆறுதலிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறது.

ஆஸ்திரேலியத் திருமணம்

மன்னர் நெடுநாள் மணம் புரியாமலே இருந்தார். ஐரோப்பியப் பெண் ஒருவரை மணக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு ஆங்கில அரசு இசையவில்லை. ஆளும் இனத்துப் பெண் ஆளப்படும் இனத்து மன்னரின் மனைவியாவதா என்னும் இறுமாப்பே அத்தடைக்குக் காரணம். அவ்வாறு பிறக்கும் மகன் அரியணை ஏறினால் என்னாவது என்ற அச்சமும் அதனோடு சேர்ந்தது.

உலகப் போர் மூண்டிருந்த 1915ஆம் ஆண்டில் அவர் ஆஸ்திரேலியா சென்றார். அங்கே மெல்போர்னைச் சேர்ந்த மாலி ஃபிங்க் என்னும் இளம்பெண்ணைச் சந்தித்தார். வழக்கறிஞர் ஒருவரின் மகள், அழகும் துடுக்கும் நாகரிகமும் மிக்கவர், இருபது வயதினர். மன்னருக்கு வயது முப்பத்தொன்பது. அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கு அது பல வாரங்களுக்கான தீனியாயிற்று.

மணமக்கள் புதுக்கோட்டை வந்து சேர்ந்தனர். ஊர் வரவேற்றது; அரசு மறுத்தது. மாலிக்கு அரசியார் என்னும் தகுதியை வழங்க முடியாதென ஆங்கில ஆட்சி தெரிவித்துவிட்டது. இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் இதில் உறுதியாக நின்றார். அக்காலத்தில் புதுக்கோட்டையின் அரசியல் பிரதிநிதியாக இருந்தவர் திருச்சிராப்பள்ளி கலெக்டர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில காலம் நாமக்கல் வட்டமும் அவர் ஆளுகைக்குட்பட்ட மாவட்டத்தோடு இணைந்திருந்தது. நாமக்கல்லின் நிலத் தீர்வையைக் கணக்கிட்ட அதே கச்சேரிதான் ஒரு மன்னரின் மனைவி யார் என்பதையும் கண்காணித்தது.

ஆங்கிலேயரின் மலைவாசச் சங்கங்கள் மாலிக்குக் கதவடைத்தன. அவர் ஆஸ்திரேலியப் பெண்ணாக மட்டும் இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும். இந்திய மன்னரின் மனைவியாக இருந்ததே குற்றமாயிற்று. அரண்மனைக்குள்ளும் அமைதியில்லை. கருவுற்றிருந்த மாலி திடீரென நோயுற்றார். உணவில் அரளி நஞ்சு கலக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. பிறக்கப்போகும் பிள்ளை அரசுரிமை கோரிவிடுமோ என்னும் பகை அங்கே புகைந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டையில் ஏறத்தாழ ஐந்து மாதமே தங்கிய தம்பதியர் 1916இல் வெளியேறினர். அவ்வாண்டு ஜூலையில் ஆஸ்திரேலியாவில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி எனப் பெயரிட்டனர்.

இவ்விடத்தில் நின்று மன்னரின் நிலையைப் பரிவோடு நோக்க வேண்டும். மனைவியைக் கைவிட்டிருந்தால் ஆங்கில அரசும் அரண்மனையும் அவரை மீண்டும் ஏற்றிருக்கும். பட்டத்துக்காகப் பெண்களைக் கைவிட்ட மன்னர்கள் வரலாற்றில் ஏராளம். அவர் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு செயலில் அவர் தம்மை ஆண்டவர்கள் எல்லோரையும்விட உயர்ந்து நின்றார்.

சரிவு

ஆனால், உயர்ந்த செயல் ஒன்று மனிதனை இறுதிவரை தாங்கிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை விருந்தும் குதிரைப் பந்தயமுமாகக் கழிந்தது. பந்தயக் குதிரைகளை வாங்கி வளர்த்தார் மன்னர். அவற்றுக்கான பணம் பிரகதாம்பாளின் நாட்டிலிருந்து சென்றது. மானாவாரி நிலத்தில் வரகும் கேழ்வரகும் விளைத்தவன் கட்டிய வரி, கடல் கடந்து குதிரைக்குக் கொள்ளாயிற்று. நவராத்திரி ஆண்டுதோறும் வந்தது. அம்மன் காசும் வழங்கப்பட்டிருக்கலாம். கொடுக்க வேண்டிய கை மட்டும் ஊரில் இல்லை.

அதே ஆண்டுகளில் தமிழகம் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தது. 1917இல் சேலம் நகரசபையின் தலைமையை இராஜாஜி ஏற்றார். நாமக்கல் இராமலிங்கனார், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைத் தீட்டிய ஓவியத்துக்காகத் தங்கப் பதக்கம் பெற்றிருந்தவர், தூரிகையிலிருந்து பேனாவுக்கும் அரச விருதிலிருந்து விடுதலைப் போருக்கும் மாறிக்கொண்டிருந்தார். ஒரே பேரரசரை இருவரும் அறிந்தனர். எளிய காவலர் ஒருவரின் மகன் அப்பேரரசரிடமிருந்து விலகித் தன் மக்களிடம் வந்தார். மன்னர் மரபில் வந்தவர் அப்பேரரசரால் விலக்கப்பட்டும் தம் மக்களிடம் வரவில்லை. ஆங்கிலேயர் இழைத்த அவமதிப்பை நாட்டு மக்களின் அவமதிப்போடு சேர்த்து எண்ணிப் பார்க்கும் ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஆங்கிலேயரின் மேசையில் தமக்கும் மனைவிக்கும் ஓர் இடம்.

இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆட்சிப் பொறுப்பை விட்டு விலகவும், இழப்பீடாகப் பணம் பெற்றுக்கொள்ளவும், தமையனார் ஆட்சிப் பிரதிநிதியாக அமரவும் மன்னர் இசைந்தார். 1922இல் துரைராஜா அப்பொறுப்பை ஏற்றார். மன்னர் என்ற பெயர் மட்டும் மார்த்தாண்டரிடம் எஞ்சியது. அவருடைய வாழ்வில் சரிவு எது என்று கேட்டால் காதலைக் காட்டுவது பேதைமை. மதுவையும் விருந்தையும் குதிரையையும் காட்டுவது மேம்போக்கு. அரசு என்பது விலை பேசத்தக்க உடைமை என்று அவர் ஒப்புக்கொண்டாரே, அதுவே சரிவு. அன்னையின் அடிமை என்று பட்டம் சூடியவர், அன்னையின் நாட்டுக்கு ஈடு வாங்கிக்கொண்டார்.

பின்னர் அவர்கள் பிரான்சின் தென்கடற்கரையில், கான் நகரில் மாளிகை அமைத்துக் குடியேறினர். ஐரோப்பியச் செல்வர்களும் நாடிழந்த அரச குடும்பத்தாரும் கூடிக் களித்த கடலோரம் அது. உதகையில் திறக்காத கதவுகள் அங்கே திறந்தன. அங்கே இனம் பார்க்கப்படவில்லை என்பதைவிட, பணம் மட்டுமே பார்க்கப்பட்டது என்பதே பொருந்தும். விருந்துகளில் மன்னரும் மாலியும் ஒளிர்ந்தனர். கண்மாய்க்கரையில் வளர்ந்த மரபு, கடற்கரை மாளிகையில் விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றது.

திரும்பாத உடல்

1928 மே 28ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், மார்த்தாண்டர் பிரான்சில் மறைந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அரசு இசையவில்லை. இலண்டன் நகரத்து எரியூட்டு மனையொன்றில் அவருடைய உடல் தீக்கிரையாயிற்று. முன்னோர் சாம்பல் கலந்த மண்ணில் அவருடையது கலக்கவில்லை. உயிரோடிருந்தபோது ஊருக்கு வர அவர் மனம் இசையவில்லை. இறந்தபின் வர ஆட்சியாளர் மனம் இசையவில்லை.

மகன் சிட்னிக்கு அரசுரிமை மறுக்கப்பட்டது. அரச குடும்பத்திலிருந்து ஆறு வயதுச் சிறுவர் இராஜகோபாலத் தொண்டைமான் தேர்ந்தெடுக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் அரியணையில் அமர்த்தப்பட்டார். மாலி அதன்பின் நாற்பதாண்டு வாழ்ந்தார். ஐரோப்பிய நாகரிகக் கூட்டங்களில் பெயர் பெற்றவராய், புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் சிசில் பீட்டனால் படம் பிடிக்கப்பட்டவராய்த் திகழ்ந்தார். 1967இல் கான் நகரிலே மறைந்தார். எந்த நாட்டின் அரசி என்று அழைக்கப்பட விரும்பினாரோ, அந்த நாட்டில் அவர் வாழ்ந்தது ஐந்து மாதம்.

இராஜகோபாலர் வேறு வகையினர். 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்தோடு இணைத்தார். அரண்மனையை அரசுக்கு வழங்கினார். இன்று புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இயங்குகிறது. மனுக் கொடுக்க வரும் உழவர்கள் அந்த வளைவுகளின் கீழ் நிழலுக்கு ஒதுங்குகின்றனர். ஒருவர் ஈடு பெற்று விட்டதை, அடுத்தவர் ஈடு கருதாது கொடுத்தார்.

இரண்டு மலைகள்

நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை நிற்கிறது. சங்க காலத்தில் அதை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனும் மலைமேல் வாழ்ந்தவனே. ஆனால் அவன் மலை, சமவெளியிலிருந்து பாணரும் விறலியரும் நம்பிக்கையோடு ஏறிச் சென்ற மலை. ஏறியவர் வெறுங்கையோடு இறங்கியதில்லை. போரில் காரியின் கையால் அவன் மாண்டான், நாடும் பிறருடையதாயிற்று, ஆயினும் புலவர் நாவில் இன்றும் அவன் கொல்லிக்கு மன்னன். மன்னனை உலகின் உயிராகக் கண்ட மரபு நம்முடையது. அம்மரபில், மன்னன் எங்கே இருக்கிறான் என்பதைவிட, யாருக்காக இருக்கிறான் என்பதே கேள்வி.

மார்த்தாண்டரைப் பாடிய பெரும்புலவர் எவரையும் காலம் நினைவில் வைத்திருக்கவில்லை. அவரை அறிந்த கூட்டம் விருந்து முடிந்ததும் கலைந்துவிட்டது. அவர் பேரில் நிலைத்திருப்பவை, ஊரில் இருந்த நாட்களில் அவர் செய்தவை மட்டுமே: ஓர் அருங்காட்சியகம், ஒரு மன்றம், சில நிறுவனங்கள். அவருடைய காதல் உண்மையானது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் உண்மையானது. அவ்விரண்டையும் கடந்து, கண்மாய்க்கரையில் காத்திருந்த குடியின் நீட்டிய கையும் உண்மையானது. அந்தக் கையில் விழ வேண்டிய அம்மன் காசு எத்துணைச் சிறியது! அதைக் கொடுக்க வேண்டியிருந்ததெல்லாம், கோடையிலும் அங்கே இருப்பது ஒன்றே.